எஞ்சின் இல்லாமல் மினிக்காய் வரை: கடல்மேல் கிளைடர் நெடுந்தூரம் மிதக்குமா?

பாறசாலை வாசி:
திருவனந்தபுரம் கரையிலிருந்து லட்சத்தீவின் மினிக்காய் தீவு 400 கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நிலம் சூடேறினால்தான் காற்று மேலெழும், ஆகவே கடல்மேல் கிளைடர் தாக்குப்பிடிக்காது என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். வெதுவெதுப்பான கடல்மீது அதைவிடக் குளிர்ந்த காற்று வீசும்போதும் காற்று மேலெழுகிறது. கடல் இரவிலும் அதிகம் குளிர்வதில்லை என்பதால், பொழுது சாய்ந்த பின்னும் அந்த ஏற்றம் நின்றுவிடுவதில்லை. இந்தியப் பெருங்கடலில் ஃபிரிகேட் என்னும் கடற்பறவைகளைக் கருவி பொருத்தி ஆராய்ந்த ஹென்றி வைமர்ஸ்கிர்ஷ் குழுவினர், அவற்றுள் சில இரண்டு மாதம் வரை காற்றிலேயே கழித்ததையும், திரள்மேகங்களுக்குள் புகுந்து 4,000 மீட்டர் வரை ஏறியதையும் 2016-இல் வெளியிட்டார்கள். நனைந்தால் எழ முடியாத இறகுகள் என்பதால் அப்பறவையும், கிளைடரைப் போலவே, நீரில் இறங்க இயலாது.

பாலக்காட்டுச் சித்தூரான்:
அண்ணாச்சி, பறவை பறப்பதை யார் மறுத்தது? ஒரு சதுர மீட்டர் இறக்கைக்கு அது சுமப்பது ஏறத்தாழ 4 கிலோ. ஆள் அமர்ந்த கிளைடர் சுமப்பதோ 30 முதல் 50 கிலோ. சுமை ஏற ஏற வட்டமடிக்கும் ஆரமும் அதே விகிதத்தில் பெருகும் என்பதால், தாழ்வான உயரத்தில் எழும் ஒடுங்கிய காற்றுத்தூணுக்குள் பறவை சுற்றிக்கொண்டிருக்க, கிளைடர் வெளியே வழிந்துவிடும். திறந்த கடல்மேல் திரள்மேகங்களின் அடிப்பகுதி பெரும்பாலும் 600 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. 40-க்கு 1 சறுக்கு விகிதம் உள்ள, அதாவது 1 மீட்டர் இறங்குவதற்குள் 40 மீட்டர் முன்னே செல்லும் கிளைடர் அங்கிருந்து 24 கிலோமீட்டர் போவதற்குள் அடுத்த ஏற்றத்தைக் கண்டாக வேண்டும். போதாக்குறைக்கு, பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும்போது கரையை ஒட்டிய கடல்மேல் காற்று கீழிறங்குகிறது. பயணத்தின் முதற்பகுதியே ஏற்றம் கிடைக்காத வறண்ட பகுதி.

நகரித் தமிழன்:
ஆல்பட்ராஸ் என்னும் கடற்பறவை மேகத்தை நம்புவதில்லையே? நீர்மட்டத்தில் மெதுவாகவும் சற்று மேலே வேகமாகவும் வீசும் காற்றின் வேறுபாட்டிலிருந்தே அது ஆற்றலைப் பெறுகிறது. பறவைகள் அப்படி மிதக்கும் வழியை இயற்பியலாளர் ராலே பிரபு 1883-இலேயே விளக்கியிருக்கிறார்.

பாலக்காட்டுச் சித்தூரான்:
அந்த வேறுபாடு நீருக்கு மேலே முதல் பத்து இருபது மீட்டருக்குள் அடங்கியது. 15 மீட்டர் இறக்கை விரிவுள்ள கிளைடர் 60 பாகை சாய்ந்தால் ஒரு முனை நடுப்பகுதியைவிட ஆறரை மீட்டர் கீழே இறங்கும். அலைக்குமேல் அதைச் செய்யத் துணிபவரை நான் தடுக்க மாட்டேன், உடன் வரவும் மாட்டேன். 2003-இல் கிளைடர் விமானி கிளாவ்ஸ் ஓல்மான் 3,009 கிலோமீட்டர் பறந்த சாதனையையும் யாரேனும் இங்கே இழுக்கக்கூடும். அது ஆண்டீஸ் மலை எழுப்பிய காற்றலைமேல் நடந்தது, நடுக்கடலில் அந்த மலை இல்லை.

பாறசாலை வாசி:
கரையோர வறட்சிக்கு விடை நம் மலையிலேயே இருக்கிறது. அகத்தியமலைப் பக்கம் 2,000 மீட்டர் உயரம் எடுத்தால் அதே 40-க்கு 1 விகிதத்தில் 80 கிலோமீட்டர் கையிருப்பு. வாடைக்காலத்தில் கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று முதுகில் சேரும்போது அது இன்னும் நீளும். அதற்கப்பால், காற்றுப்போக்கில் வரிசையாக நிற்கும் மேகங்களின் கீழே, வட்டமடிக்காமலேயே நேராகப் போகலாம். ஆகவே உங்கள் ஆரக் கணக்கு அந்த வரிசைக்குள் பொருந்தாது. ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் உருவாகிப் பர்க்டவுன் பக்கம் வரும் உருளைமேகத்தின் முகப்பில் கிளைடர்கள் நெடுந்தூரம் அப்படியே ஓடுகின்றன.

பாலக்காட்டுச் சித்தூரான்:
வரிசைக் கணக்கை ஏற்கிறேன். மேக வரிசை அறும் இடத்தில் வட்டமடித்தே தீர வேண்டும் என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். ஆளை இறக்கிவிட்டு, சதுர மீட்டருக்கு 4 கிலோ சுமக்கும் ஆளில்லாக் கிளைடரை அனுப்புவதாக இருந்தால், மினிக்காய் வரை எனக்கு மறுப்பில்லை.

பாறசாலை வாசி:
தலைப்பில் ஆள் இருக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லையே.