பேட்டரி புல்வெட்டிக்கு மாறலாமா? ஐந்து வருஷம் கழித்தும் ஓடுமா?

தோட்டக்குழு_ஓஎம்ஆர்

வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் புல்தரை மொத்தம் 20 சென்ட். பாதி மெக்சிகன் புல், பாதி கொரியன் புல். இப்போது இருப்பது பெட்ரோல் புல்வெட்டி ஒன்று (18 இஞ்ச்), ஓரம் வெட்ட 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்று. சத்தம், புகை இரண்டும் பிரச்சினை. இரண்டையும் பேட்டரிக்கு மாற்றலாம் என்று சங்கத்தில் பேச்சு.

எதிர்ப்பவர்கள் சொல்வது: மெஷின் விலையில் பாதி பேட்டரிக்கே போகும், மூன்று வருஷத்தில் அது செத்துவிடும், அதற்குள் கம்பெனி அந்த மாடலையே நிறுத்தியிருக்கும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.
1. 20 சென்ட்டுக்கு எத்தனை பேட்டரி வேண்டும்?
2. மெஷின்களை மொட்டைமாடித் தகரக் கொட்டகையில்தான் வைக்கிறோம். சென்னை வெயிலில் பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்?
3. பேட்டரி போனால் உள்ளே செல் மட்டும் மாற்ற முடியுமா?

---

வாட்_கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் நான். பெட்டியில் போட்டிருக்கும் வோல்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். "20 வோல்ட்" என்பதும் "18 வோல்ட்" என்பதும் ஒரே 5 செல் பேக்தான். முழு சார்ஜில் செல்லுக்கு 4.2, சராசரியில் 3.6. ஒரு கம்பெனி உச்சத்தையொட்டி செல்லுக்கு 4 என்று போடும், இன்னொன்று சராசரியைப் போடும். 40 வோல்ட் என்றால் 10 செல், அதாவது நிஜத்தில் 36. "56 வோல்ட்" பேக்கில் 14 செல், சராசரி 50.4. நீங்கள் பார்க்க வேண்டியது வாட்-அவர்: சராசரி வோல்ட் × ஏஎச் (ஆம்பியர்-அவர்). 18 வோல்ட் 5 ஏஎச் பேக் என்றால் 90 வாட்-அவர்.

இனி தரைக் கணக்கு. 20 சென்ட் என்பது சுமார் 810 சதுர மீட்டர். 18 இஞ்ச் மெஷினில் வரிசைக்கு வரிசை கொஞ்சம் ஏற்றி வெட்டினால் 40 செ.மீ. கிடைக்கும். மணிக்கு 3 கி.மீ. நடந்தால் நிமிஷத்துக்கு 20 சதுர மீட்டர். திரும்புவது, புல் பையைக் கொட்டுவது எல்லாம் சேர்த்து 50 நிமிஷம் வையுங்கள். காய்ந்த புல்லில் மோட்டார் சராசரியாக 500-600 வாட் இழுக்கும். ஆக 450 வாட்-அவருக்கு மேல்.

இரண்டு 18 வோல்ட் பேக் சேர்த்துப் போடும் மெஷின் என்றால் ஒரு ஜோடி 180 வாட்-அவர்தான். ஒரே மூச்சில் முடிக்க மூன்று ஜோடி வேண்டும். மூன்று ஜோடி வாங்காதீர்கள். மெக்சிகன் பக்கம் ஒரு நாள், கொரியன் பக்கம் இன்னொரு நாள் என்று பிரித்தால் இரண்டு ஜோடி, 360 வாட்-அவர் போதும். பேட்டரி பழசாகி 70 சதவீதத்துக்கு இறங்கினாலும் 250 இருக்கும், பாதித் தரைக்குத் தேவை 230. இந்த மிச்சம் இல்லாமல் வாங்குகிறவர்கள்தான் இரண்டாம் வருஷமே "பேட்டரி போச்சு" என்கிறார்கள்.

ஐப்பசி மழையில் இந்தக் கணக்கு மாறும். ஈரப் புல்லில், அதுவும் கொரியன் மாதிரி அடர்த்தியான புல்லில், 900 வாட்டுக்கு மேல் போகும். உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். பிளேடு மழுங்கினால் அதே வேலைக்குக் கரண்ட் கூடும், 20-25 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை தீட்டுங்கள். பிரஷ் கட்டரில் 2.4 மி.மீ. நைலான் கயிற்றுக்குப் பதில் 2 மி.மீ. போட்டால் ஓர வேலைக்கு ஒரு ஜோடி தாராளம்.

இலை ஊதும் பிளோயரையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். அது 700-1000 வாட் இழுக்கும், ஒரு ஜோடி பேட்டரி 10-15 நிமிஷத்தில் காலி. 20 சென்ட்டுக்குத் தென்னந்துடைப்பம் போதும்.

---

செல்_பேக்_கோவை

இரண்டாவது கேள்விதான் உங்கள் விஷயத்தில் முக்கியம். பேட்டரிக்குத் தகரக் கொட்டகை வேண்டவே வேண்டாம்.

மேலே உள்ள கணக்குப்படி ஓட்டினால் வருஷத்துக்கு 60-70 முழு சார்ஜ் சுழற்சிதான் வரும். நல்ல பவர் டூல் செல் 500 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதம் பக்கத்தில் நிற்கும். அதாவது ஓட்டி ஓட்டித் தேய்வதற்கு ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆனால் லித்தியம் செல் சும்மா கிடந்தாலும் தேயும். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் வேகமாகத் தேயும். வெப்பம் 10 டிகிரி கூடினால் தேய்மானம் ஏறத்தாழ இரட்டிப்பு. 40 டிகிரியில் முழு சார்ஜோடு ஒரு வருஷம் கிடந்தால் மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு வரை போகலாம். அதே சூட்டில் 40 சதவீத சார்ஜில் வைத்தால் இழப்பு அதில் பாதிக்கும் குறைவு. மே மாதம் தகரத்துக்கு அடியில் 50 டிகிரி சாதாரணம்.

ஆகவே மெஷின் கொட்டகையிலேயே இருக்கட்டும், பேட்டரி மட்டும் கீழே வரட்டும். சங்க அலுவலகம், செக்யூரிட்டி அறை, தரைத்தளத்தில் வெயில் படாத எந்த அறையானாலும் சரி. வெட்டி முடித்ததும் சார்ஜில் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். அந்த நேரத்தில் செல்லே 50 டிகிரிக்கு மேல் இருக்கும், நல்ல சார்ஜர் ஏற்காமல் விளக்கைச் சிமிட்டிக் காத்திருக்கும், மலிவு சார்ஜர் அப்படியே ஏற்றிவிடும். ஃபேனுக்கு அடியில் அரை மணி நேரம் ஆறவிட்டு, பேட்டரியில் இரண்டு விளக்கு (ஏறத்தாழ பாதி சார்ஜ்) வரும் அளவுக்கு ஏற்றி எடுத்து வையுங்கள். மறுபடி வெட்டும் நாளுக்கு முந்தைய இரவு முழுதாக ஏற்றினால் போதும். சார்ஜரிலேயே வாரக்கணக்கில் குத்தி வைக்க வேண்டாம்.

பழைய நிக்கல்-காட்மியம் காலத்து யோசனை ஒன்று இன்னும் ஓடுகிறது: "முழுசாகக் காலி செய்து பிறகு ஏற்று." லித்தியத்துக்கு அது கெடுதல். மோட்டாரின் சத்தம் தளரும்போதே நிறுத்திவிடுங்கள். காலியான பேக்கை மாதக்கணக்கில் விட்டால் செல் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும், அதன்பின் சார்ஜர் அதைத் தொடாது.

இந்த ஒழுங்கு இருந்தால் சென்னையில் ஐந்து வருஷம் எதிர்பார்க்கலாம். கொட்டகையில் முழு சார்ஜோடு விட்டால் உங்கள் சங்கத்தில் எதிர்ப்பவர்கள் சொல்வதுதான் நடக்கும்.

---

மார்க்கம்_கராஜ்

கனடாவில் இருந்து எழுதுகிறேன். இங்கே பிரச்சினை எதிர்ப்பக்கம்: உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் நிரந்தரமாகக் கெடும், அதனால் பற்றறியைக் கராஜில் விடாமல் வீட்டுக்குள் எடுக்கிறோம். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

"கொம்பனி மாடலை நிறுத்திவிடும்" என்ற பயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது நியாயமான பயம், ஆனால் எல்லா வரிசைக்கும் ஒரேயளவு இல்லை. ரியோபியின் 18 வோல்ட் ஒன் பிளஸ் 1996இல் வந்தது. அந்தக் காலத்து மெசினில் இன்றைய லித்தியம் பற்றறியும் பொருந்தும். மகிதாவின் 18 வோல்ட் எல்எக்ஸ்டி 2005இல் தொடங்கி இன்னமும் விற்பனையில் இருக்கிறது. மறுபக்கம், கிராஃப்ட்ஸ்மேன் 19.2 வோல்ட் வரிசை அந்தப் பெயர் 2017இல் கை மாறிய பிறகு நின்றுபோனது, பின்னால் வந்த 20 வோல்ட் பற்றறி பழைய மெசினுக்குப் பொருந்தாது.

ஆகவே தோட்ட மெசினுக்கு மட்டும் என்று வருகிற தனிப் பற்றறியைவிட, துளைபோடும் மெசின், அறுக்கும் மெசின் எல்லாவற்றுக்கும் பொதுவான வரிசையை எடுங்கள். கட்டிட வேலைக்காரர் கையில் லட்சக்கணக்கில் இருக்கிற பற்றறியை ஒரு கொம்பனி லேசில் கைவிடாது. ஒரே பெயருக்குள்ளேயே பொருந்தாத வரிசைகள் இருப்பதையும் கவனியுங்கள்: மகிதா 18 வோல்ட் எல்எக்ஸ்டி மெசினில் 40 வோல்ட் எக்ஸ்ஜிடி பற்றறி ஏறாது. பொஷ் பச்சை வரிசையும் நீல வரிசையும் வேறு வேறு.

இந்தத் துறை பின்வாங்கும் அறிகுறியும் இல்லை. கலிஃபோர்னியா 2021இல் போட்ட சட்டத்தின்படி, 2024 மாடலில் இருந்து புதிதாக விற்கிற சிறிய தோட்ட இயந்திரங்களில் பெரும்பாலானவை புகை விடாதவையாக இருக்க வேணும்.

---

தோட்டக்குழு_ஓஎம்ஆர்

மிக்க நன்றி. பேட்டரியைச் செக்யூரிட்டி அறைக்கு மாற்ற ஏற்பாடு செய்கிறோம். மூன்றாவது கேள்வி பாக்கி. ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் "6000 எம்ஏஎச் செல் போட்டுத் தருகிறோம், புது பேட்டரியில் கால் விலை" என்கிறார்கள். நம்பலாமா? இன்னொன்று: தோட்டக்காரர் மருந்தடிக்கும் 12 வோல்ட் ஸ்பிரேயரையும் இதேபோல் பாதி சார்ஜில் வைக்கலாமா?

---

செல்_பேக்_கோவை

18650 அளவு (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) செல்லில் 6000 எம்ஏஎச் என்று ஒன்று கிடையாது. நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான். அதுவும் கொள்ளளவு கூடிய செல், பெரிய கரண்ட்டைத் தாங்காது. புல்வெட்டிக்கு வேண்டியது கரண்ட்: சாம்சங் 25ஆர் (2500 எம்ஏஎச், 20 ஆம்பியர்) மாதிரி செல், அல்லது 21700 அளவில் மோலிசெல் பி42ஏ. லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்த செல் 5 ஆம்பியருக்கே சூடாகிவிடும், தவிருங்கள். எடை போட்டுப் பாருங்கள், நல்ல 18650 செல் 45 கிராம் பக்கம் நிற்கும். 30 கிராம் காட்டினால் போலி.

செல் மாற்றும் முன் உண்மையிலேயே எல்லா செல்லும் போய்விட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பேக்கை முழுதாக ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டு, ஒவ்வொரு செல் கூட்டத்தையும் (இணையாகச் சேர்த்த செல்கள்) மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு கூட்டம் மட்டும் 0.3 வோல்ட் கீழே என்றால் அதுதான் நோயாளி. பல டூல் பேக்குகளில் செல்களைச் சமப்படுத்தும் வசதி கிடையாது. சிலவற்றில் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டு போர்டு தன் தேவைக்கான கரண்ட்டை முதல் கூட்டத்திலிருந்து மட்டும் எடுக்கும், அதனால் அது மட்டும் முந்திக்கொண்டு இறங்கும். அதைத் தனியாக மெதுவாக ஏற்றி மற்றவற்றோடு சமமாக்கினால் பேக் பிழைக்கலாம். ஆனால் 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லை எழுப்ப வேண்டாம். உள்ளே செம்பு கரைந்து பின்னால் ஷார்ட் ஆகும்.

எல்லாமே மாற்றுவதானால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை: ஸ்பாட் வெல்டிங்தானே, செல் மேல் நேராக ஈயம் வைத்துப் பற்றவைப்பதில்லையே? செல்களை இணைக்கும் பட்டை சுத்த நிக்கலா, இரும்பு மேல் நிக்கல் முலாமா? (ஒரு துண்டைச் சுரண்டி உப்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டால் இரும்பு துருப்பிடித்துக் காட்டிக்கொடுக்கும்.) இணையாகச் சேரும் செல்களின் வோல்ட் முன்பே சமப்படுத்தப்பட்டதா? பாசிட்டிவ் முனைக்குக் காகித வளையம் போட்டார்களா? சில போர்டுகள் செல்லைக் கழற்றியதுமே தன்னைப் பூட்டிக்கொள்ளும். புது செல் போட்டாலும் திறக்காது. உங்கள் மாடலை அவர் ஏற்கெனவே செய்து ஓட்டிக் காட்ட முடியுமானால் மட்டும் கொடுங்கள். எரிந்தால் மொத்தக் குடியிருப்புக்கும் ஆபத்து, ஆகவே என் பரிந்துரை: உத்தரவாதக் காலம் முடியும்வரை திறக்கவே வேண்டாம். பிறகும் நல்ல செல் போட்டு நேர்மையாகச் செய்தால் செலவு புது பேட்டரியில் பாதிக்கு மேல் வரும். கால் விலைக்கு வராது.

---

வாட்_கணக்கு

ஸ்பிரேயருக்கு நேர் எதிர் விதி. அதில் 12 வோல்ட் 8 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி இருந்தால் பாதி சார்ஜில் வைப்பதுதான் அதைக் கொல்லும். தகட்டில் சல்பேட் இறுகிவிடும். மருந்தடித்த அன்றே முழுதாக ஏற்றுங்கள், உபயோகிக்காத காலத்தில் மாதம் ஒரு முறை ஏற்றுங்கள். ஏற்றிச் சில மணி நேரம் கழித்து 12.7 வோல்ட் இருக்க வேண்டும். 10.5க்குக் கீழே இறங்கும்வரை பம்பை ஓட்ட வேண்டாம். பின்னால் லித்தியம் போட்டால் சார்ஜரையும் சேர்த்து மாற்றுங்கள்: 3 செல் பேக்குக்கு 12.6 வோல்ட்தான் எல்லை, பழைய சார்ஜர் 14.4 வரை தள்ளும். இரண்டு சார்ஜரிலும் பெயின்டில் பெரிதாக எழுதி வையுங்கள், ஒரே அறையில் இருந்தால் மாறிப்போகும்.

பெட்ரோல் பிரஷ் கட்டரை விற்காமல் ஒரு மழைக்காலம் வரை வைத்திருங்கள். டேங்க்கில் பெட்ரோல் விட்டு வைக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்கும், கார்புரேட்டர் டயஃப்ரம் விறைத்துவிடும். டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

செத்த பேக்கைக் குப்பைத்தொட்டியில் போடக்கூடாது, லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உண்டு. வாங்கும்போதே டீலரிடம் "பழசை நீங்கள் எடுப்பீர்களா, சென்னையில் எங்கே கொடுக்க வேண்டும்?" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.