பம்பை நிறுத்தி ஷாஃப்டை மூடினால் போதுமா?

கேள்வி:
மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் வட்டாரத்தில், கூரையைத் தாங்க நிலக்கரித் தூண்களை விட்டு வெட்டிய பழைய நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம். மேலிருந்து நேராகக் கீழிறங்கும் குழியான ஷாஃப்ட் 5 மீட்டர் விட்டம், 200 மீட்டர் ஆழம். உற்பத்தி முடிந்துவிட்டது. நீர் இறைக்கும் பம்பை நிறுத்தி, ஷாஃப்டில் அனல்மின் சாம்பல் கொட்டி, மேலே கான்கிரீட் மூடி போடுவதாகத் திட்டம். பக்கத்துச் சுரங்கம் இன்னும் ஓடுகிறது. எதில் கவனம் வேண்டும்?

பதில் 1:
பம்பை இப்போது நிறுத்தாதீர்கள். நின்றால் வெட்டிய இடமெல்லாம் நீர் ஏறும். 10 மீட்டர் நீருக்குச் சுமார் 1 பார் அழுத்தம். 100 மீட்டர் ஏறினால், இரு சுரங்கத்துக்கும் நடுவே விட்ட நிலக்கரிச் சுவர் 10 பார் தாங்க வேண்டும். பழைய வரைபடத்தை நம்பி அதன் தடிமனை முடிவு செய்யக்கூடாது. 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்னாலா சுரங்கத்தில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு பாய்ந்து 370-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தப் பக்கம் நீர் ஏறுவதற்கு முன்பே துளையிட்டுத் தடிமனை அளந்து பாருங்கள். பிறகு, ஒவ்வொரு நிலக்கரி அடுக்குக்கும் நீர்மட்டம் பார்க்கத் தனித்தனித் துளை போடுங்கள்.

பதில் 2:
ஷாஃப்ட் அடியில் சாம்பல் கூடவே கூடாது சார். நீர் ஏறினால் குழம்பாகிப் பக்கப் பாதைகளுக்குள் ஓடிவிடும். மேலுள்ள நிரப்பல் இறங்கி, மூடிக்குக் கீழே வெற்றிடம் விழும். பாதை வாய்களுக்குச் சற்று மேல்வரை களிமண் கலவாத கெட்டிக் கருங்கல்லே போட வேண்டும். அதற்குமுன் கேபிள், குழாய், குறுக்கு உத்தரங்களைக் கழற்றுங்கள். கல் அவற்றில் சிக்கிப் பாலம் கட்டிவிடும்.

மொத்தம் சுமார் 3,900 கன மீட்டர் பிடிக்கும், அதாவது 20 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 390. லாரிக் கணக்கோடு கயிறு விட்டு மட்டத்தையும் அளந்து பாருங்கள். கணக்கைவிட மட்டம் வேகமாக ஏறினால் கீழே எங்கோ அடைத்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் கல் பாதைக்குள் போகிறது.

கான்கிரீட் மூடி மண்மேல் உட்காரக்கூடாது, பாறையில் உட்கார வேண்டும். அகலம் ஷாஃப்ட் விட்டத்தைப் போல இரு மடங்காவது இருக்கட்டும். வாயு வெளியேற, தீத்தடுப்பு வலை பொருத்திய குழாய் ஒன்றும் அவசியம். ஏறும் நீர் மீத்தேனை மேலே தள்ளும். காற்றழுத்தம் குறையும் நாளிலும் வாயு வெளியே வரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும்.

கேட்டவர்:
அப்படியானால் சாம்பலுக்கு வேறு பயன் உண்டா?

பதில் 3:
உண்டு. ஆழம் குறைந்த வெட்டுகளின் மேல் வீடோ சாலையோ இருந்தால், முதலில் பாதைகளைத் தடுப்புச் சுவரால் அடைத்துவிட்டு, துளை வழியே மணலோ சாம்பலோ நீரில் கலந்து செலுத்தலாம். வடிநீரைச் சோதித்த பிறகே வெளியே விடுங்கள். நிலக்கரியோடு இருக்கும் இரும்பு-கந்தகக் கனிமமான பைரைட் கரைந்த நீரில் இரும்பு இருக்கும். படிக்கட்டுபோல் விழவைத்துக் காற்றேற்றி, குட்டையில் தேக்கினால் காவிச் சேறாகப் படியும். நீர் அமிலமாக இருந்தால் முதலில் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு சரியாகப் படியாது.