மாலி (மாலத்தீவு) போய் வந்தவங்க வாங்க: கண்டது, கேட்டது, பட்டது

தக்கலை சார்:

வளைகுடாக் கதை நம்ம குமரி மாவட்டத்தில எல்லாத் தெருவிலயும் கேக்கலாம். மாலத்தீவுக் கதை அப்படி இல்ல. வாத்தியாராவும் நர்ஸாவும் கணக்கு எழுதவும் எத்தனையோ பேர் போயிருக்கோம். ஊரில சொன்னா, "மாலியிலயா? அங்க ஹனிமூனுக்குல்லா போவாங்க"ன்னு சிரிச்சுட்டுப் போயிருவாங்க. அந்த ஹனிமூன் தீவு வேற, நாங்க குடியிருந்த தலைநகர் மாலே வேற.

நேர்கோட்டில அளந்து பாருங்க, நாகர்கோவிலுக்குச் சென்னையும் மாலேயும் ஏறக்குறைய ஒரே தூரம். சென்னையில ரெண்டு நாள் தண்ணி வரலைன்னா எல்லா சேனலும் அலறும். மாலேயில என்ன நடந்தாலும் வீட்டுக்குப் போன் வந்தாத்தான் நமக்குத் தெரியும். அதனாலதான் இதைத் தொடங்குறேன். சுத்திப் பார்க்கப் போன படம் வேண்டாம். குடியிருந்தவங்க சொல்லுங்க.

நான் போனது எண்பதுகளில. திருவனந்தபுரத்தில ஏறினா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள இறக்கி விட்டிருவான். விமான நிலையம் ஹுலுலேங்கிற தனித்தீவு. அங்க இருந்து மாலேக்குத் தோணி. ஊரோட பரப்பே ரெண்டு சதுர கிலோமீட்டர்தான், ஒரு கரையில இருந்து மறுகரைக்கு நடந்தே போயிரலாம். வீட்டுக்கு நம்பர் கிடையாது, பேருதான். கல்குளம், விளவங்கோட்டில இன்ன விளை வீடுன்னு விலாசம் எழுதிப் பழகின நமக்கு அது புதுசா? ஒரு வாரத்தில பாதி ஊர் வீட்டுப்பேரு எனக்கு அத்துப்படி.

பள்ளிக்கூடம் காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம்னு ஷிப்ட் முறையில நடந்துச்சு. இடம் இல்ல, வேற என்ன செய்ய? வெளித்தீவுப் பிள்ளைகள் படிக்கிறதுக்காகச் சொந்தக்காரங்க வீட்டில வந்து தங்கும். ராத்திரி அந்த வீடுகளில தூங்குறதுக்கே முறை வச்சிருப்பாங்க. அந்தப் பிள்ளைகள் எழுதினது லண்டன் ஓ லெவல் பரீட்சை. பாடம் நடத்தப் போன நான் முதல்ல அந்தப் பாடத்திட்டத்தைப் படிச்சேன், அப்புறம்தான் அவங்களுக்குச் சொன்னேன்.

1988 நவம்பர் 3 விடியக்காலம் வெடிச்சத்தம். கூட இருந்த கேரளத்து சாரு பட்டாசுன்னாரு. ரெண்டாவது தடவை கேட்டப்ப அவரே கட்டிலுக்கு அடியில போயிட்டாரு. லுத்துஃபிங்கிற மாலத்தீவு வியாபாரி, இலங்கையில இருந்து பிளாட்ங்கிற தமிழ் ஆயுத இயக்கத்து ஆளுகளைப் படகில கூட்டிட்டு வந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்திருக்கான். அன்னைக்கு ராத்திரியே ஆக்ராவில இருந்து நம்ம பாராசூட் படை வந்து ஹுலுலேயில இறங்கிச்சு. எல்லாம் அடங்கிட்டு. ஆனா வந்தவனுக பேசினது தமிழ்ல்லா? அதுக்கப்புறம் கொறே நாள் நாங்க கடைத்தெருவில தமிழ் பேசுறதை விட்டுட்டு மலையாளம் பேசினோம். ரெண்டும் வாய்க்கு வர்ற மாவட்டத்தில பிறந்ததுக்கு அன்னைக்குத்தான் ஒரு லாபம் கண்டேன். மதுரைக்கார சார் ஒருத்தரு பாவம், பேசவே இல்ல. கையைக் காட்டியே சாமான் வாங்குவாரு.

கருங்கல் நர்ஸ்:

சார் சொன்ன தூங்குற முறை இன்னும் மாறல. நான் 2013 கடைசியில போனேன். ஒரு பிளாட்டை மூணாத் தடுத்து மூணு குடும்பம். சம்பளத்தில பெரும்பங்கு வாடகைக்கே போகும். ஜன்னலைத் திறந்தா எதிர் வீட்டு ஜன்னல், கையை நீட்டினா தொடலாம். அவங்க வீட்டில மீன் பொரிச்சா என் யூனிபார்ம்ல மணக்கும்.

எல்லாரும் கேக்குறது சுனாமி பத்தி. எனக்கு மறக்காதது 2014 டிசம்பர் 4. அங்க கிணத்துத் தண்ணி எப்பவோ உப்பாயிட்டு. கடல் தண்ணிய உப்பு எடுத்துத்தான் ஊரே குடிக்குது. அந்த ஆலையில தீப்பிடிச்சுது, குழாய் நின்னுச்சு. லட்சத்துக்கு மேல சனம், நாலு பக்கமும் கடல், குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. கடையில பாட்டில் தண்ணிக்கு அடிபிடி. ஆஸ்பத்திரியில கை கழுவுறதுக்கே அளந்து ஊத்தினோம். மறுநாளே இந்திய விமானப்படை விமானத்தில தண்ணி வந்துச்சு, பின்னால ஐஎன்எஸ் சுகன்யா கப்பல் வந்துச்சு. தண்ணி வந்த விமானம்னு ஒண்ணை வாழ்க்கையில அப்பத்தான் பார்த்தேன். வீட்டுக்குக் கூப்பிட்டா அம்மா, "இங்க மழை விட்டபாடில்ல மக்களே, கிணறு வாசல் வரைக்கும் நிறைஞ்சு கிடக்கு"ன்னாங்க. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல.

இன்னொண்ணு, நம்ம ஊர்க் கிறிஸ்தவங்க போகுமுன்ன தெரிஞ்சுக்கணும். இஸ்லாம் தவிர வேற மதத்துக்காரங்க வெளிப்படையாக் கும்பிட அந்த நாட்டுச் சட்டத்தில இடம் இல்ல. கோயில் கிடையாது. லீவு வெள்ளியும் சனியும், ஞாயிறு டூட்டி நாள். டிசம்பர் 25 சாதாரண நாள். இங்க தெருவெல்லாம் ஸ்டாரும் குடிலும் கேரல் ரவுண்ட்ஸுமா இருக்கும், அங்க நான் நைட் டூட்டி முடிச்சு வந்து கதவைச் சாத்திக்கிட்டுப் போனில திருப்பலி பார்ப்பேன். வீட்டுக்காரம்மா ஒரு வருஷம், "இன்னைக்கு உன் பெருநாள்தானே, ஏன் லீவு கேக்கல?"ன்னு கேட்டா. டூட்டி லிஸ்ட் போட்டாச்சு அக்கான்னேன். ஒண்ணும் பேசாம உள்ள போயி ஒரு தட்டு ஹெதிகா கொண்டு வந்து தந்தா. ஹெதிகான்னா அவங்க சாயங்காலப் பலகாரம், பஜியா, குல்ஹான்னு எல்லாத்துக்குள்ளயும் சூரை மீனும் தேங்காயும்தான். அந்த ஊரில எதுக்குள்ளயும் அதுதான், அது வேற விஷயம்.

வள்ளவிளை:

நான் மாலியில இறங்கினவன் இல்ல. கடல்ல வச்சுப் பாத்தவன். எழுதலாம்லா?

எனக்க மச்சானுக்க விசைப்படகில தங்கல் போவோம், ஒரு தடவை போனா கொறே நாளு. தெக்க மேக்க ரொம்ப இறங்கிட்டோம்னா அவனுக்க எல்லை வந்திரும். ஒரு நாள் விடியும்போ அவனுக தோணி ஒண்ணு தூரத்துல. சூரை வேட்டை நடக்கு. வலை இல்ல, ஒண்ணும் இல்ல. அணியத்தில ஆளு நின்னு உயிரோட உள்ள பொடிமீனை அள்ளி எறியுறான். பின்னால வரிசையா நின்னவனுக கையில நீளக் கம்பு. தண்ணிய மழை மாதிரி பீச்சி அடிக்கான். சூரை மேல கலங்கி வருது. முள் இல்லாத கொக்கி, கம்பை ஒரு ஏத்து, மீனு தலைக்கு மேல பறந்து தட்டுல விழுது. அடுத்தது. அடுத்தது. நாங்க கஞ்சியை வச்சுட்டுப் பாத்துட்டே நிக்கோம்.

அவனுக எங்களைப் பாத்து விரட்டல. ஒருத்தன் ரெண்டு விரலை வாயில வச்சுக் காட்டினான். பீடிக் கட்டை கயத்தில கட்டி வீசினோம். திருப்பி வரிச்சூரை ரெண்டு வந்து விழுந்துது. பாசை வேண்டாம் அதுக்கு.

ஆனா எல்லாரும் அப்படி இல்ல. எல்லையைத் தாண்டினா அவனுக கோஸ்ட் கார்டு பிடிக்கும். 2023ல தருவைக்குளம் படகு ஒண்ணு 12 பேரோட மாட்டி, அபராதம் கோடிக்கணக்கில போட்டான். சுறா பிடிக்கவே அங்க 2010ல தடை போட்டான். தூத்தூர்ப் பக்கம் சுறாவை நம்பித்தான் எத்தனை வீடு ஏறிச்சு. இதை வாத்தியாருமாரு பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கணும். எங்களுக்கு ஜிபிஎஸ் சொல்லும், ஆனா மீனு எந்தப் பக்கம் போவுதோ அங்கதான் மனசும் போவும்.

குளச்சல்:

2004 டிசம்பர் 26 நான் மாலேயில, சந்தைக்குப் பக்கத்தில ஒரு மொத்தக்கடையில நின்னேன். தண்ணி ஏறுச்சு, கடையில முழங்காலுக்கு நின்னுச்சு, அரிசி மூடை நனைஞ்சுது, வடிஞ்சுது. மத்த தீவுகளில எண்பது பேருக்கு மேல செத்தாங்க. மாலே தப்பிச்சதுக்குக் காரணம் ஊரைச் சுத்தி நிக்கிற சுவர். 1987ல பேரலை அடிச்சதுக்கு அப்புறம் ஜப்பான்காரன் உதவியில கட்டினது. நாலு கால் வச்ச கான்கிரீட் கல்லு ஒண்ணு மேல ஒண்ணாக் கிடக்கும், சாயங்காலம் அதுல உக்காந்துதான் எல்லாரும் கதை பேசுவோம்.

அன்னைக்கு நான் தப்பிச்சேன்னு வீட்டுக்குச் சொல்லத்தான் போன் பண்ணினேன். லைன் போகல. சாயங்காலம் வரைக்கும் போகல. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பாலம், எல்லாம் ராத்திரிதான் கேள்விப்பட்டேன்.

இதுக்கு மேல எழுத முடியல. ஆனா இங்க கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டு சனம் ரோட்டில உக்காரும்போ, "கல்லு போட்டா கடல் நிக்குமா?"ன்னு கேக்குற ஆளுகளைப் பார்த்தா எனக்கு ஆத்திரம் வரும். எங்க போடணும், எப்படிப் போடணும்னு படிச்சவன் சொல்லட்டும். நிக்குமாங்கிற கேள்வியை என்கிட்ட கேக்காதீங்க.

வடசேரி டாக்சி:

எல்லாரும் அங்க போன கதை சொல்லுறீங்க. நான் அவங்க இங்க வந்த கதை சொல்லுறேன்.

திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு மாலத்தீவுக் குடும்பங்கள் கூட்டமா வரும். ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் அடுத்த தேதி சொல்லுறது வரைக்கும் சும்மா இருக்கணும்லா, அப்ப நம்ம பக்கம் சவாரி வரும். பத்மநாபபுரம் அரண்மனை, கன்னியாகுமரி. கடலைக் காட்டினா அவங்களுக்கு என்ன அதிசயம் இருக்கு? பாறையையும் வள்ளுவரையும் போட்டோ எடுப்பாங்க, அவ்வளவுதான்.

ஒரு குடும்பம் சின்னப் பையனோட வந்துச்சு. திரும்பும்போ வண்டியை மார்த்தாண்டம் வழியா விட்டேன். குழித்துறைப் பாலத்தில பையன், "இந்தக் கடலுக்கு என்ன பேரு?"ன்னு கேட்டான். அவங்க அம்மாதான் இங்கிலீஷ்ல சொல்லித் தந்தா. கடல் இல்ல, ஆறுன்னேன். அவனுக்குப் புரியல. அவங்க நாட்டில ஆறும் இல்ல, மலையும் இல்ல. நாடே தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல கிடக்கு. அப்படியே திற்பரப்புக்கு வண்டியைத் திருப்பினேன், கிலோமீட்டர் கணக்கு பார்க்கல. அருவியில தண்ணியை நாக்கில வச்சுப் பார்த்துட்டு, உப்பில்லைன்னு கத்திட்டே கிடந்தான். அவங்க அப்பா மலையையே பார்த்துட்டு நின்னாரு. இது தானா வந்ததா, யாரும் மண்ணு கொட்டினதான்னு கேட்டாரு. அங்க ஹுல்ஹுமாலேயே கடலில மண்ணு கொட்டி உண்டாக்கின தீவுதானாமே, அதுதான் கேட்டிருக்காரு.

1994 இஸ்ரோ உளவு வழக்கு வந்தப்ப மாலத்தீவுக்காரிகள் ரெண்டு பேரு பேரும், நம்ம நாகர்கோவில்ல பிறந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் பேரும் சேர்ந்து பேப்பரில வந்துச்சு. எல்லாம் பொய்யின்னு ஆயி, 2018ல சுப்ரீம் கோர்ட்டு அவருக்கு 50 லட்சம் குடுக்கச் சொல்லிச்சு. இப்பவும் சில பேரு மாலத்தீவுன்னாலே அந்தப் பழைய பேப்பரை வச்சுத்தான் பேசுவாங்க. சவத்த, விடுங்க ஓய்.

ஈத்தாமொழி பையன்:

நான் இப்ப ஹுல்ஹுமாலேயில இருக்கேன், கணக்கு வேலை. சார் சொன்ன தோணி இப்ப வேண்டாம். சீனாக்காரன் கட்டின பாலம் 2018 ஆகஸ்டில திறந்தாச்சு, பஸ்ஸில போயிருவோம். அந்தப் பக்கம் வில்லிமாலே, திலஃபுஷித் தீவுகளுக்கு இந்தியக் காசில இன்னொரு பாலம் கட்டிட்டு இருக்காங்க. டீக்கடையில ரெண்டு பாலத்தையும் வச்சு அரசியல் பேசுவாங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். 2024 தொடக்கத்தில மோடி லட்சத்தீவு போனதை வச்சு ரெண்டு நாட்டுக்காரங்களுக்கும் சண்டை ஓடினப்ப கூட வேலை பார்க்குற பையன் என்கிட்ட, "உங்க டிவியில நாம சண்டை போடுறோமாமே, சாப்பிடப் போகலாமா?"ன்னான்.

காலையில மஸ்ஹுனியும், சப்பாத்தி மாதிரி ரோஷியும். மஸ்ஹுனின்னா தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, சூரை பிசைஞ்சது. ஈத்தாமொழித் தேங்காய் கிடைச்சா இன்னும் நல்லா இருக்கும்னு சொல்லி எல்லார்கிட்டயும் திட்டு வாங்குறேன். ராத்திரி வேலை இல்லாத எல்லாரும் பைக்கை எடுத்துத் தீவைச் சுத்துவாங்க. எங்கயும் போறதுக்கு இல்ல, சுத்துறதுதான் போறது. அப்புறம், இங்க நாயே கிடையாது, வளர்க்கத் தடை. வந்த புதுசில ராத்திரி குரைப்புச் சத்தம் கேக்காம எனக்குத் தூக்கம் வரல.

இங்கத்தச் செய்தின்னா ரெண்டு. 2007 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவனுக்கு சிகரெட் விக்கவும் கூடாது, அவன் குடிக்கவும் கூடாதுன்னு 2025 நவம்பரில இருந்து சட்டம். சுத்திப் பார்க்க வர்றவனுக்கும் உண்டு. மத்தது டாலர். சம்பளம் ருஃபியாவில, வங்கி விலை டாலருக்கு 15.42, அந்த விலைக்கு டாலர் கிடைச்சாத்தானே? மாசம் இவ்வளவுதான் அனுப்பலாம்னு வரம்பை இறக்கிட்டாங்க. வெளியில வாங்கினா கைநஷ்டம். இங்க பைசா கையில கிடக்கு, வீட்டில சீட்டுக் கட்ட வழியில்ல.

ரூம் பார்க்கும்போ வாடகையை மட்டும் பார்க்காதீங்க. 2022 நவம்பர் 10 மாலேயில மாஃபண்ணுப் பகுதியில, கீழ வண்டி ஒர்க்‌ஷாப், மேல வெளிநாட்டுத் தொழிலாளிகள். தீயில பத்துப் பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் இந்தியர்கள். வெளியேற ரெண்டாவது வழி இருக்கா, ஜன்னலில கம்பி அடைச்சிருக்கா, இதைப் பாருங்க முதல்ல.

மேல்புறம் தம்பி:

அண்ணே, எனக்கு ஒரு ஏஜென்ட், "டூரிஸ்டா இறங்கிரு, அங்க போயி விசா மாத்திக்கலாம்"ங்கான். அறுபதாயிரம் கேக்கான். போகலாமா?

கருங்கல் நர்ஸ்:

போகாத தம்பி. இந்தியன்னா இறங்கின உடனே டூரிஸ்ட் விசா சும்மாவே கிடைக்கும், அதுக்கு எதுக்கு அவனுக்கு அறுபதாயிரம்? அதை வச்சு வேலை செஞ்சா பிடிச்சு ஏத்தி விட்டிருவாங்க. வேலை அனுமதிச் சீட்டு உன் பேரில, பாஸ்போர்ட் நம்பரோட கைக்கு வந்தாத்தான் டிக்கெட் போடணும். பெட்டியில சாராயம், பன்றி இறைச்சி, கும்பிடுற சொரூபம் எதுவும் வைக்காத, கஸ்டம்ஸ்ல எடுத்திருவாங்க. மாத்திரை கொண்டு போனா டாக்டர் சீட்டும் வேணும்.

தக்கலை சார்:

ஏஜென்ட் தந்த பேப்பரை, பேரும் நம்பரும் மறைச்சுட்டு இங்க போடு. ஈத்தாமொழிப் பையன் அந்தக் கம்பெனி அங்க உண்டா இல்லையான்னு விசாரிச்சுச் சொல்லுவான். அதுக்கு முன்ன அவனுக்குப் பைசா குடுக்காத.