தொலைபேசி, காணொளிக் கூட்டம், கணக்கு மூன்றும் ஒரே வலையமைப்பில்: வேகத்தைக் கூட்டினால் போதுமா?

அரசலாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் தலைமை அலுவலகமும் பாபநாசம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை ஆகிய ஊர்களில் கிளைகளும் உள்ள ஒரு நெல் அரவை நிறுவனத்தில் கணினிப் பிரிவைக் கவனித்துவருகிறேன். தொலைபேசி, கேமரா, கணக்கு மென்பொருள் என்று தனித்தனியாகக் கிடக்கும் கம்பிகளையும் இணைப்புகளையும் ஒரே வலையமைப்பாக மாற்றும்படி நிர்வாகம் சொல்லியிருக்கிறது. முதலில் மன்னார்குடிக் கிளையில் மட்டும் ஐபி தொலைபேசிகளை (வலையமைப்பு வழியாகக் குரலை அனுப்புபவை) வைத்துப் பார்த்தோம். பகலில் பேச்சு தெளிவாக இருக்கிறது. மாலையில் அன்றைய கணக்குக் கோப்புகள் தலைமை அலுவலகச் சர்வருக்கு ஏறத் தொடங்கியதும், மன்னார்குடியில் பேசுவது கும்பகோணத்தில் விட்டுவிட்டுக் கேட்கிறது; கும்பகோணத்தில் பேசுவது மன்னார்குடியில் நன்றாகவே கேட்கிறது. கிளையில் இருப்பது 20 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 20 மெகாபிட்) லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு. அதை 50 ஆக்கினால் சரியாகிவிடும் என்று சேவை நிறுவனம் சொல்கிறது. தை, மாசியில் சம்பா நெல் வந்து குவியும்போது வியாபாரிகளின் அழைப்புகள் பெருகும் என்பதால் அதற்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். இதற்குமேல் காணொளிக் கூட்டங்களும், ஒவ்வொரு கிளையிலும் 16 கேமராக்களும் இதே வலையமைப்பில் வரவிருக்கின்றன. வழிகாட்ட வேண்டுகிறேன்.

வெண்ணாறு

ஐயா, ஒரு பக்கம் மட்டும் கெடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. நெரிசல் மன்னார்குடியிலிருந்து வெளியேறும் திசையில் மட்டும் ஏற்படுகிறது. வேகத்தை 50 ஆக்கினாலும் கோப்பு ஏற்றம் அந்த 50-ஐயும் நிரப்பப் பார்க்கும். கோப்பு சீக்கிரம் முடியுமே தவிர, அது ஓடும் நேரத்தில் பேச்சு கெடுவது நிற்காது.

கணக்கைப் பாருங்கள். குரலைத் தரவாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் 20 மில்லிவினாடிக்கு ஒரு பேக்கெட் (தரவுப் பொட்டலம்) போகிறது. அதில் 160 பைட் குரலும் 40 பைட் தலைப்பும் (முகவரி முதலிய விவரங்கள்) இருக்கின்றன. வினாடிக்கு 50 பேக்கெட் என்றால் ஓர் அழைப்புக்கு 80 கேபிபிஎஸ் (வினாடிக்கு 80 கிலோபிட்). பத்து அழைப்புகள் ஒரே நேரத்தில் நடந்தாலும் 800 கேபிபிஎஸ்தான் ஆகும். விபிஎன் (குறியாக்கப்பட்ட இணைப்பு) வழியாக அனுப்பினால் இன்னும் சற்றுக் கூடும், அவ்வளவே. குரலுக்குத் தேவை அகலமான பாதையன்று, காத்திருக்காத பாதை. ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. பேக்கெட் இழப்பு ஒரு சதவீதத்துக்குள்ளும் ஜிட்டர் (தாமதத்தின் ஏற்ற இறக்கம்) 30 மில்லிவினாடிக்குள்ளும் இருக்கும்படி வடிவமைப்பது வழக்கம்.

உங்கள் ரவுட்டரின் போர்ட் அநேகமாக ஒரு ஜிகாபிட் வேகத்தில் ஓடும். ஒப்பந்தமோ 20 எம்பிபிஎஸ். ரவுட்டரைப் பொறுத்தவரை நெரிசலே இல்லை, ஆகவே அது எதையும் வரிசைப்படுத்தாமல் வந்ததை வந்தபடி வெளியே தள்ளுகிறது. வரிசை சேவை நிறுவனத்தின் கருவியில் உண்டாகிறது, அல்லது அங்கே மிகுதி வெட்டி எறியப்படுகிறது. அந்த இடத்தில் குரலும் கோப்பும் ஒன்றாகவே நடத்தப்படும். ஆகவே முதல் வேலை, வெளியேறும் திசையில் உங்கள் ரவுட்டரிலேயே 19 எம்பிபிஎஸ் அளவுக்கு ஷேப்பிங் (வெளியே போகும் வேகத்துக்கு வரம்பு) வைப்பது. அப்போதுதான் வரிசை உங்கள் கைக்குள் வரும். அதற்குப் பிறகுதான், எது முதலில் போக வேண்டும் என்று சொல்லும் கியூஓஎஸ் விதிகளுக்குப் பொருளே உண்டு. ஷேப்பிங் இல்லாமல் எழுதிய கியூஓஎஸ் விதிகள் காகிதத்தில் மட்டும் இருப்பதைப் பல நிறுவனங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

அந்த 19 எம்பிபிஎஸ்ஸுக்குள், பேக்கெட்டின் தலைப்பில் இடும் டிஎஸ்சிபி என்னும் வகைக்குறியில் குரலுக்கு 46, காணொளிக் கூட்டத்துக்கு 34 என்று குறியிட்டு, குரலை மட்டும் முன்னுரிமை வரிசையில் விடுங்கள். காணொளியை அதே வரிசையில் சேர்க்கவே கூடாது: முழுப்படச் சட்டம் (ஃப்ரேம்) ஒன்று வரும்போது பெரிய பேக்கெட்டுகள் கொத்தாக வந்து குரலை மறித்துக்கொள்ளும். காணொளிக்கு உத்தரவாத அளவுள்ள தனி வரிசை போதும். தொலைபேசிகளைத் தனி வீலானில் (ஒரே வலையமைப்புக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதி) வைத்து, தொலைபேசி இடும் குறியை வலையமைப்பு ஸ்விட்ச் நம்பும்படியும் கணினி இடும் குறியை நம்பாதபடியும் அமையுங்கள்.

இன்னொன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முன்னுரிமை வரிசைக்குப் பத்து அழைப்புகளுக்கான அளவு கொடுத்திருக்கையில் பதினோராவது அழைப்பு வந்தால், அந்த ஒருவருக்கு மட்டும் கெடாது. மிகுதிப் பேக்கெட்டுகள் எந்த அழைப்பினுடையவை என்று பார்க்காமல் வெட்டப்படுவதால் பதினொருவருக்கும் கெடும். எனவே எத்தனை அழைப்புகள் என்ற வரம்பை, அழைப்புகளை இணைக்கும் ஐபி பிபிஎக்ஸிலேயே வைத்து, மிகுந்த அழைப்புக்குப் பிஸி ஒலி கேட்கும்படி செய்யுங்கள். அந்த எண்ணிக்கையைச் சம்பா அறுவடை நாளின் நெரிசலை வைத்து முடிவு செய்யுங்கள்; ஆடி மாதத்து அமைதியை வைத்து அன்று.

அரசலாறு

மிக்க நன்றி ஐயா. ஷேப்பிங் இதுவரை வைக்கவில்லை; இன்றே பார்க்கிறேன். குரலை மேலும் சுருக்கும் ஜி.729 கோடெக்குக்கு மாறினால் இன்னும் நல்லதா?

வெண்ணாறு

தலைப்போடு சேர்த்து அது 24 கேபிபிஎஸ்தான் எடுக்கும். ஆனால் 20 எம்பிபிஎஸ் இருக்கும் இடத்தில் அந்தச் சிக்கனத்துக்காகக் குரலின் தெளிவை இழக்க வேண்டியதில்லை. நெல் விலையும் மூட்டைக் கணக்கும் பேசுகிற தொலைபேசி அது. மாற்று வழியாக 4ஜி இணைப்பு வைத்தால் அதில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பாமணியாறு

நண்பர் ரவுட்டரைப் பற்றி நிறைவாகச் சொல்லிவிட்டார். நான் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் வலையமைப்பு விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

அரவைக் கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் இடையே செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். கேட் 6 கேபிளுக்கு 100 மீட்டர் எல்லை என்பது ஒரு காரணம். இரு கட்டடங்களின் எர்த்துக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு வரும்போது, பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னலே இரு முனை ஸ்விட்ச்களின் போர்ட்களையும் கருக்கிவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். உலோகம் கலவாத ஒளியிழைக் கேபிளில் மின்சாரம் பாய வழியே இல்லை. கூடத்தில் வைக்கும் ஸ்விட்ச் விசிறி இல்லாததாக இருக்கட்டும். விசிறி உள்ள ஸ்விட்சைத் திறந்து பார்த்தால் உமித்தூசி அதன் இறக்கைகளில் சாம்பல் நிறப் படலமாக ஒட்டியிருக்கும். பிறகு அது சுற்றாது, உள்ளே சூடேறும்.

ஐபி தொலைபேசிகள் ஸ்விட்சிலிருந்தே பிஓஇ (வலையமைப்புக் கேபிள் வழியே மின்சாரம் தரும் முறை) மூலம் மின்சாரம் எடுப்பவை. அதற்கான 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை. ஆனால் எல்லாப் போர்ட்டுக்கும் அதைத் தரும் மொத்த வாட் அளவு ஸ்விட்சில் இருக்கிறதா என்று வாங்கும்முன் பாருங்கள். யுபிஎஸ் அளவைக் கணினிகளுக்காக மட்டும் கணக்கிடாமல் இந்தச் சுமையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

16 கேமராக்களைப் பற்றி: ஒன்றுக்கு 4 எம்பிபிஎஸ் என்று வைத்தாலே 64 எம்பிபிஎஸ் ஆகிறது, அது 20-இல் அடங்காது, அடங்கவும் தேவையில்லை. ஒவ்வொரு கிளையிலும் என்விஆர் (கேமராப் படங்களைப் பதியும் கருவி) வைத்து அங்கேயே பதிவு செய்யுங்கள். கும்பகோணத்திலிருந்து பார்க்க வேண்டும்போது குறைந்த தரப் படத்தை மட்டும் இழுத்துப் பாருங்கள். கேமராக்களும் தனி வீலானில் இருக்கட்டும்.

கடைசியாக, இதை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபின் பட்டுக்கோட்டைப் பக்கம் பல ஊர்களில் மின்சாரம் நாள்கணக்கில் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் லீஸ்டு லைனும் அறுந்தால், கும்பகோணத்துப் பிபிஎக்ஸை மட்டும் நம்பியிருக்கும் கிளைத் தொலைபேசிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் ஊமையாகும். ஒவ்வொரு கிளையிலும் உள்ளூர் லேண்ட்லைன் ஒன்றை கேட்வேயில் (லேண்ட்லைனை ஐபி தொலைபேசிகளோடு சேர்க்கும் கருவி) இணைத்து, லீஸ்டு லைன் இல்லாதபோது அழைப்புகள் அதன் வழியே போகும்படி வையுங்கள். தீயணைப்புக்கான 101 அழைப்பு மட்டும் லீஸ்டு லைன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த உள்ளூர் இணைப்பிலேயே போக வேண்டும். பட்டுக்கோட்டைக் கிளையில் உமி தீப்பிடித்தால், அழைப்பு கும்பகோணத்துத் தீயணைப்பு நிலையத்தில் போய் மணி அடிக்கக் கூடாது.