பெரிய ஸ்பிரிங் வேண்டாம், காற்றைப் பிடி

நான்: மாமா, நானும் தம்பியும் பிவிசி பைப்பில் செய்த, ஸ்பொஞ்ச் தோட்டா சுடும் விளையாட்டுத் துவக்கைப் பாருங்கள். (படம்) இரண்டு நாள் வேலை. இழுத்துப் பூட்டக் கை நோகிறது, ஆனால் தோட்டா 4 மீற்றர் கூடப் போகாமல் வாசலிலேயே விழுந்துவிடுகிறது. ஸ்பிரிங்கை மாற்றவா? ஹட்டனில் பழைய மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் வாங்கலாம் என்று மேல் லயத்து அண்ணன் சொல்கிறார்.

அம்மா: இதைக் குடும்பக் குழுவில் போட்டதும் நல்லதுதான். காலையில் இருந்து நான் சொல்வதை ரெண்டு பேரும் காதில் வாங்கவில்லை. தம்பி, நீயே சொல்லு இவனுக்கு.

சின்ன மாமா: மருமகனே, மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் பக்கமே போகாதே. அது வண்டியையும் இரண்டு ஆளையும் தாங்குவதற்குச் செய்தது. பிவிசி பைப்புக்குள் போட்டால் பின்மூடி பிய்த்துக்கொண்டு உன் முகத்துக்குத்தான் வரும். உன்னிடம் இருக்கும் ஸ்பிரிங்கே போதும். துவக்கை நேராகப் பிடித்து, இழுக்கும் கைப்பிடியில் 5 கிலோ மாவுப் பையைத் தொங்கவிட்டுப் பார், அந்த அளவில் முழுசாக இறங்கினால் சரி, அதற்கு மேல் சிறுவர் விளையாட்டுக்குத் தேவையில்லை.

சின்ன மாமா: ஸ்பிரிங் தோட்டாவைத் தொடுவதே இல்லை, அதை முதலில் மனசில் வை. ஸ்பிரிங் பிஸ்டனை, அதாவது பின் பைப்புக்குள் நகரும் அடைப்பை, தள்ளுது, பிஸ்டன் காற்றை நெருக்குது, நெருங்கின காற்றுதான் தோட்டாவைத் தூக்கிக்கொண்டு போகுது. நடுவில் காற்று ஓடிப்போனால் எவ்வளவு பெரிய ஸ்பிரிங் போட்டும் பிரயோசனம் இல்லை.

தாத்தா: நாங்கள் சின்னப் பிள்ளையில் மூங்கில் குழாயில் ஈரக் காகித உருண்டை இரண்டு அடைத்து, பின் உருண்டையைக் குச்சியால் தள்ளுவோம். முன் உருண்டை டப் என்று பறக்கும். குச்சி அதைத் தொடவே தொடாது. உருண்டை காய்ந்து சுருங்கினால் சத்தமும் வராது, பறக்கவும் பறக்காது. அதனால் வாயில் வைத்து நனைத்து நனைத்துப் போடுவோம்.

சின்ன மாமா: அப்பா சொன்னது அப்படியே இதுதான். இப்போ ஒரு சோதனை செய். தோட்டா போடாமல் பிஸ்டனை இழுத்து, கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, தோட்டா வெளியே போகும் முன்குழாயின் வாயைப் பெருவிரலால் இறுக்கி மூடு. அப்புறம் மெதுவாக விடு. பிஸ்டன் நடுவில் நின்று திணறினால் காற்று உள்ளே இருக்கிறது. சர் என்று முன்னால் போனால் ஓட்டை.

நான்: சர் என்று போகிறது மாமா. பின்பக்கம் புஸ் என்று சத்தமும் கேட்கிறது.

சின்ன மாமா: பிஸ்டன் தலைக்கு என்ன போட்டாய்?

நான்: பழைய இறப்பர் செருப்பை வட்டமாக வெட்டி இரண்டு அடுக்கு.

சின்ன மாமா: அதுதான் காரணம். கத்தியால் வெட்டின வட்டம் ஒரு நாளும் சரி வட்டமாக வராது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பில் போடும் தோல் வாஷர் கேட்டு வாங்கு, கிண்ணம் மாதிரி இருக்கும். பைப்பில் ஒரு துண்டு வெட்டிக் கடைக்குக் கொண்டு போய்ப் போட்டுப் பார்த்தே வாங்கு. கிண்ணத்தின் வாய் முன்னால் பார்த்து இருக்கவேண்டும். காற்று நெருங்கும்போது அந்த விளிம்பு விரிந்து பைப்போடு தானாக ஒட்டும், பின்னால் இழுக்கும்போது சுருங்கிக் காற்றை உள்ளே விடும். செருப்பு வட்டத்தையும் எறியாதே, பைப்பின் முன்சுவரில் உள்பக்கமாக ஒட்டு, பிஸ்டன் வந்து மோதும்போது அதுதான் தாங்கும். இன்னொன்று, தோட்டா இல்லாமல் இழுத்து விடும் பழக்கமே வேண்டாம். நெருக்கக் காற்று இல்லாமல் பிஸ்டன் முழு வேகத்தில் போய் அடித்து நாலு நாளில் தலை உடைந்துவிடும்.

பெரியம்மா: தம்பி, வாஷருக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம்தானே?

சின்ன மாமா: கொழும்பில் என்றால் தடவலாம் அக்கா. நம்ம மலைப் பக்கம் காலையில் போத்தலே கட்டியாகக் கிடக்குமே, 24 பாகைக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், வாஷரும் அதோடு சேர்ந்து விறைக்கும். சிலிகன் கிரீஸ் கொஞ்சம் போதும். தோலுக்குப் பதில் இறப்பர் ஓ ரிங் (வளையம்) போடுகிறவர்களும் அதையேதான் போடவேண்டும், வேறு கிரீஸ் சில இறப்பரை ஊத வைத்துவிடும்.

கண்டி அக்கா: இரு, முன்குழாய் எவ்வளவு நீளம் வைத்திருக்கிறாய்? படத்தில் மிக நீளமாகத் தெரிகிறதே.

நான்: 60 செ.மீ. நீளமாக இருந்தால் தூரம் போகும் என்று நினைத்தேன். உள் அகலம் 13 மி.மீ., தோட்டா சரியாக நிற்கிறது. பின் பைப் ஒரு அங்குலம், உள்ளே 28 மி.மீ., பிஸ்டன் 12 செ.மீ. நகரும்.

கண்டி அக்கா: அப்போ கணக்குப் பார். பிஸ்டன் தள்ளும் காற்று ஏறத்தாழ 74 கன செ.மீ. உன் முன்குழாயின் கொள்ளளவு ஏறத்தாழ 80. தோட்டா குழாயின் வாய்க்கு வரும் முன்னாலேயே தள்ளுகிற காற்று தீர்ந்துபோகிறது. மீதிக் குழாய் முழுக்க உரசிக்கொண்டே வேகம் போகும், பின்னால் இருந்து உறிஞ்சிப் பிடிக்கவும் செய்யும். ஸ்பிரிங் துவக்குக்குப் பின் பைப்பின் காற்று முன்குழாயைப் போல மூன்று, நான்கு மடங்கு இருந்தால் நல்லது. உன் அளவுக்கு முன்குழாய் 14-ல் இருந்து 19 செ.மீ. வரை வரும்.

சின்ன மாமா: கெட்டிக்காரி. ஆனால் ஒரேயடியாக வெட்டாதே, வெட்டினதை ஒட்ட முடியாது. முதலில் வாஷரை மாற்று, அப்புறம் 35-க்கு வெட்டி அளந்து பார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறை.

பெரியம்மா: போன வருடம் நம்ம சின்னவன் செய்ததில் பின்மூடி கழன்று ஸ்பிரிங் வெளியே பாய்ந்தது, நல்லவேளை கையில் கீறலோடு போனது. ஒட்டி ஒரு இரவு முழுக்க வைத்திருந்தான், அப்படியும்.

சின்ன மாமா: ஆடி மாச மழையில் ஒட்டியிருப்பான். குளிரும் ஈரமும் இருந்தால் பிவிசி பசை இறுகக் கூடுதல் நேரம் எடுக்கும். வீட்டுக்குள் காய்ந்த இடத்தில் இரண்டு நாள் வை, நெருப்புக்கு அருகில் கொண்டுபோகாதே, அந்தப் பசை பற்றிக்கொள்ளும். அதோடு மூடியில் பக்கவாட்டாக இரண்டு சின்ன ஸ்க்ரூ போட்டுவிடு. நான் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இத்தனை வருடம் பிட்டர் வேலை பார்க்கிறேன், அமுக்கம் வரும் இடத்தில் பசையை மட்டும் நம்பி எதையும் விட்டதில்லை.

அம்மா: கண்ணுக்கு என்ன செய்வது? அதைத்தான் நான் கேட்கிறேன்.

சின்ன மாமா: சரியான கேள்வி சின்னக்கா. வெல்டிங் பக்கம் போடும் வெள்ளைக் கண்ணாடி என்னிடம் இரண்டு இருக்கிறது, அனுப்புகிறேன். அது போடாதவர் வாசலுக்கே வரக்கூடாது. தோட்டா கடையில் வாங்கின 72 மி.மீ. ஸ்பொஞ்ச் தோட்டாதான், நுனி மெதுவானது. ஈர்க்குச்சி, ஆணி, பென்சில் துண்டு, கூழாங்கல் எதுவும் உள்ளே போகக்கூடாது. தோட்டாவைப் பனியில் நனைய விடாதே, இரவில் காம்பராவுக்குள் (அறைக்குள்) எடுத்து வை. துவக்குக்குக் கறுப்பு நிறம் அடிக்காதே, மஞ்சளோ பச்சையோ அடித்து வாயை மட்டும் ஆரஞ்சாக்கு, ரோட்டிலும் பஸ்ஸிலும் அதைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கண்டி அக்கா: ஸ்பொஞ்ச் துவக்குக்குப் பேர்போன நேர்ஃப் கூட 1969-ல் வெறும் ஸ்பொஞ்ச் பந்தாகத்தான் வந்தது. வீட்டுக்குள் எறிந்தாலும் சாமான் உடையாத பந்து என்றுதான் விற்றார்கள்.

(ஞாயிறு மாலை)

நான்: மாமா, வாஷர் போட்டாயிற்று. விரலால் மூடினால் பிஸ்டன் பாதியில் நிற்கிறது, மெதுவாகத்தான் இறங்குகிறது! கீழ்ப் பக்கத்துத் தேயிலையைப் பார்த்துச் சுட்டேன், 30 மீற்றர் போயிருக்கும்.

சின்ன மாமா: பள்ளத்தைப் பார்த்துச் சுட்டால் எதுவும் தூரம் போகும். கொழுந்து மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) முன்னால் சமதரை இருக்கிறதே, அங்கே போய் அளந்து சொல்லு.

நான்: அளந்தோம். 35 செ.மீ. குழாய்க்கு 9 மீற்றர், 25-க்கு 12, 20-க்கு 14. ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து தடவை சுட்டுப் பார்த்தோம். 16-க்கு வெட்டவா?

சின்ன மாமா: அங்கேயே நிறுத்து. 14 மீற்றர் உங்கள் வாசலைத் தாண்டிப் போகும். தம்பிக்கு இரண்டாவதைச் செய்யும்போது 16 வைத்துப் பார், இரண்டையும் பக்கத்தில் வைத்து அளக்கலாம்.

தாத்தா: நாளைக்கு மடுவத்துக்கு நானும் வருகிறேன். எனக்கும் ஒரு தடவை கொடுங்கள்.

அம்மா: கண்ணாடி வந்த பிறகு எல்லோரும் போகலாம். அதுவரைக்கும் துவக்கு அலுமாரிக்கு மேல்தான் இருக்கும்.