பாலியில் குடும்பத்தோடு தங்க எந்த ஏரியா? குட்டாவா, உபுத்தா, சனூரா?

நொய்யல்கரை (திருப்பூர்):
மே மாதம் பள்ளி லீவில் பாலி போவதாக முடிவாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேர், மூன்றாவது படிக்கும் பையன், இன்னும் பள்ளிக்குப் போகாத பாப்பா, கூட அப்பா அம்மா. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, சமதரையில் நன்றாக நடப்பார், படி என்றால் யோசிப்பார். அம்மா சுத்த சைவம், முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடமாட்டார். கோயமுத்தூரில் ஏறி சிங்கப்பூரில் மாறிப் போகிறோம். டிராவல்ஸ்காரர் பாதி நாள் குட்டா, பாதி நாள் உபுத் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். ஹோட்டல் பெயர் கேட்டால் "இதுபோல ஏதாவது ஒன்று" என்கிறார். நெட்டில் பார்த்தால் எல்லா ஏரியாவும் ஒரே மாதிரி நீச்சல் குளமும் தென்னை மரமுமாகத்தான் இருக்கிறது. போய் வந்தவர்கள் சொல்லுங்க, எங்கே தங்கலாம்?

ஆழியாறு தோப்பு (பொள்ளாச்சி):
முதலில் உபுத்தை அடித்துவிடுங்க. அங்கே என்னங்க இருக்கிறது? தென்னை, நெல் வயல், ஓடை, கோயில். மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஆனைமலை ரோட்டில் வண்டியை விட்டால் இதெல்லாம் பெட்ரோல் காசில் முடிந்துவிடும். இத்தனை செலவு செய்து கடல் தாண்டிப் போய் தென்னந்தோப்பைப் பார்த்துவிட்டு வருவதா? நம்ம பக்கம் இல்லாதது கடல் ஒன்றுதான். ஈரோட்டிலிருந்தும் கரூரிலிருந்தும் கடலைப் பார்க்கவென்று கிளம்பிப் போகிறவன் அதைவிட்டு ஒன்றரை மணி நேரம் தள்ளி ரூம் போடுவது என்ன கணக்கு? ஏர்போர்ட்டிலிருந்து உபுத் 35 கிலோமீட்டர் சொச்சம்தான், ஏறத்தாழ பொள்ளாச்சி–கோவை தூரம், ஆனால் ஒடுக்கமான ரோடு, வண்டி நகராது. அங்கே வில்லா என்று காட்டுவதில் பாதிக்குமேல் பள்ளத்தின் விளிம்பில் கட்டியது. ரிசப்ஷன் மேலே இருக்கும், அறை கீழே இருக்கும், நடுவில் பாசி பிடித்த கல் படி. உங்க அப்பாவை அதிலா இறக்கப் போறீங்க?

கோபி வாய்க்கால் (கோபிசெட்டிபாளையம்):
பொள்ளாச்சி அண்ணா, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் பிறந்தவனிடம் "நெல் வயல்தானே" என்று சொல்லாதீங்க. அங்கே பார்க்க வேண்டியது வயலை அல்ல, தண்ணீரைப் பங்கு போடும் விதத்தை. சுபாக் என்று பெயர். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற எல்லோரும் ஒரு சுபாக்கில் இருப்பார்கள், எப்போது நாற்று விடுவது, யாருக்கு எப்போது தண்ணீர் என்பதை நீர்க்கோயிலை வைத்துக் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். வாய்க்கால் தலைப்பில் முதலில் தண்ணீர் எடுக்கும் தலைமடைக்காரன் ஏன் இதற்கு ஒத்துக்கொள்கிறான் தெரியுமா? பூச்சிக்குப் பயந்து. வட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் அறுத்து வயலைச் சும்மா போட்டால் பூச்சிக்குத் தீனி இல்லாமல் போய்விடும். அது நடக்க வேண்டும் என்றால் வாய்க்கால் கடைசியில் இருக்கும் கடைமடைக்கும் நேரத்துக்குத் தண்ணீர் போயாக வேண்டும். 1970களில் பசுமைப் புரட்சி என்று அரசாங்கம் அவரவர் இஷ்டத்துக்கு, இடைவெளி விடாமல் நடச் சொன்னது, புகையான் பூச்சி விழுந்து பயிர் போச்சு, அப்புறம் பழைய முறைக்கே திரும்பினார்கள். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிஏபி (பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டம்) தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்று வெள்ளகோவில் பக்கம் போராட்டம் நடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைவிட வேறு என்ன பார்க்கக் கிடக்கிறது? உங்க அப்பா விவசாயக் குடும்பமாக இருந்தால் கடலைவிட இதில்தான் அதிக நேரம் நிற்பார்.

ஆழியாறு தோப்பு:
தம்பி, நீங்கள் சொல்லும் அந்த யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஜாதிலுவி உபுத்திலேயே இல்லை, தபனான் பக்கம் இருக்கிறது. உபுத்தில் தங்கினாலும் கார் பிடித்துத்தான் போகணும். உபுத்துக்குப் பக்கத்தில் இருப்பது தெகலாலாங், அங்கே வரப்பில் நடப்பதைவிட ஊஞ்சலில் ஆடிப் படம் எடுக்கத்தான் கூட்டம். பார்ப்பதற்குப் போய்வாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தங்குவது வேறு, பார்ப்பது வேறு.

பெருந்துறை சிப்காட்:
இரண்டு அண்ணன்களும் விவசாயக் கருத்தரங்கு நடத்துறீங்க 😀 கேட்டவர் லீவுக்குப் போகிறார். பேசாமல் குட்டா இல்லை செமின்யாக் போங்க. ஏர்போர்ட்டுக்குப் பக்கம், மேற்கு பார்த்த கடற்கரை, சாயங்காலம் சூரியன் நேராகக் கடலுக்குள் இறங்கும். நடந்து போகிற தூரத்தில் கடை, இந்தியச் சாப்பாடு, துணிமணி எல்லாம் கிடைக்கும். சனூரைச் சொல்ல யாராவது வருவார்கள், அது ரிட்டயர்ட் ஆனவர்கள் தங்கும் ஊர், ஒன்பது மணிக்கே அடங்கிவிடும்.

ரேஸ்கோர்ஸ் நடை (கோவை):
நான்தான் அந்த "யாராவது". தம்பி, கேட்டவர் கூட்டிப் போவது யாரை என்று ஒருமுறை படித்துப் பாருங்க. ஒன்பது மணிக்கு ஊர் அடங்குவது அந்தப் பாப்பாவுக்கு நல்லதுதானே.

குட்டாவின் அலை சர்ஃபிங் பலகை வைத்திருப்பவனுக்கான அலை. பெரியவர்களையே இழுக்கும் நீரோட்டம் உண்டு, சிவப்புக் கொடி நட்டிருந்தால் அங்கே இறங்கவே கூடாது. மூன்றாம் வகுப்புப் பையனைக் கடலுக்கு எதிரில் தங்கவைத்துவிட்டு "இறங்காதே" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். சனூரில் கரைக்கு வெளியே பவளப்பாறைத் திட்டு இருக்கிறது, அலை அங்கேயே உடைந்துவிடும், உள்ளே வருவது இடுப்பளவு அமைதியான தண்ணீர். கரையை ஒட்டியே கிலோமீட்டர் கணக்கில் கல் பாவிய நடைபாதை, படி கிடையாது, வண்டி கிடையாது, சைக்கிள் மட்டும் வரும். அப்பா காலையில் எழுந்து நடந்தால் எதிரே சூரியன் உதிக்கும், ஏனென்றால் அது கிழக்குக் கரை. நம்ம நேரத்துக்கு அவர்கள் இரண்டரை மணி நேரம் முன்னால் இருப்பதால் முதல் நாள் மட்டும் அவ்வளவு சீக்கிரம் எழ முடியாது.

இன்னொன்று. 1966இல் சனூரில் பத்து மாடியில் ஒரு ஹோட்டல் கட்டினார்கள். அதைப் பார்த்தபிறகுதான் தென்னை மரத்துக்கு மேலே கட்டடம் எழக்கூடாது என்று விதி வந்தது, கணக்கு 15 மீட்டர். அந்த ஹோட்டல் இன்னும் தனியாக நிற்கிறது, மற்றதெல்லாம் மரத்துக்குக் கீழேதான். தோப்புக்காரருக்கு இந்த விதி பிடிக்கும்.

ஆழியாறு தோப்பு:
மரத்தை அளவுகோலாக வைத்தது பிடித்திருக்கிறது. நம்ம ஊரில் வெள்ளை ஈயும் வேர் வாடலும் வந்தபிறகு அளக்க மரமே மிஞ்சுமா என்று தெரியவில்லை.

பெருந்துறை சிப்காட்:
சனூர் தண்ணீரைப் பற்றி முழுசாகச் சொல்லுங்க அண்ணா. கடல் வற்றினால் அங்கே என்ன ஆகும்? முழங்கால்கூட நனையாது, கடல்பாசியும் கல்லுமாகத் திட்டு வரைக்கும் காய்ந்து கிடக்கும். நான் போனபோது மதியம் அப்படித்தான் இருந்தது, ஒரு படகு தரைதட்டிச் சாய்ந்து கிடந்தது, கடற்கரை என்று ரூம் போட்டு நீச்சல் குளத்திலேயே குளித்தோம்.

ரேஸ்கோர்ஸ் நடை:
உண்மைதான், மறைக்கவில்லை. அதற்குத்தான் ஏற்ற இறக்க நேர அட்டவணை என்று ஒன்று இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம். ஏற்றம் காலையில் என்றால் காலையில் குளியல், மதியம் என்றால் மதியம். தண்ணீர் வற்றிய நேரத்தில் பையனுக்கு ரப்பர் செருப்பைப் போட்டு இறக்கிவிடுங்க, குழியில் தேங்கிய தண்ணீரில் நண்டும் நட்சத்திர மீனும் தேடுவான், எழுந்து வரமாட்டான். செருப்பு முக்கியம், பவளக் கல் காலைக் கிழித்துவிடும்.

சென்னிமலைத் தறி:
ஆண்கள் எல்லோரும் அலையையும் வயலையும் பேசுறீங்க, அந்த அம்மா மூன்று வேளை என்ன சாப்பிடுவார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. பாலியில் பெரும்பாலோர் இந்துக்கள்தான், அதனால் சைவம் சுலபமாகக் கிடைக்கும் என்று இங்கிருந்து நினைத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே விருந்து என்றாலே பன்றிதான். காய்கறிச் சோறு என்று கேட்டு வாங்கினாலும் தொட்டுக்கொள்ள வைக்கும் சம்பலில் அரைத்த இறால் விழுது இருக்கும், "தெராசி" வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நாசி கோரெங் என்கிற வறுத்த சோற்றில் முட்டை தானாக வந்து உட்காரும்.

சாப்பாட்டை மட்டும் வைத்துச் சொன்னால் உபுத்துக்குத்தான் ஓட்டு. யோகா, தியானம் என்று வருகிறவர்களால் அங்கே தனிச் சைவக் கடைகள் நிறைய, டோஃபு, தெம்பே என்று எல்லாம் சோயாவில் செய்தது, பையன் முகம் சுளிப்பான், ஆனால் அம்மாவுக்குச் சந்தேகமில்லாமல் சாப்பிட முடியும். அப்புறம், காலையில் உபுத் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் தென்னங்குருத்தை மூங்கில் குச்சியால் தைத்த சின்னத் தட்டு, அதில் நாலு நிறப் பூ, துளி சோறு, மேலே ஒரு ஊதுபத்தி. மிதித்துவிடாமல் தாண்டித்தான் நடக்கணும். என் மாமியார் அந்த ஊர்ப் பெண்மணி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தட்டு தைத்துவிட்டுத்தான் எழுந்தார், அவருக்கு அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது.

நூசா துவாவை யாரும் சொல்லவில்லை, நல்லது. தண்ணீர் அமைதி, சுத்தம், வாசலில் செக்யூரிட்டி, எல்லாம் சரி. சுற்றுலாவுக்கென்றே 1970களில் திட்டம் போட்டு உண்டாக்கிய வளாகம் அது. ஹோட்டலை விட்டு வெளியே வந்தால் இன்னொரு ஹோட்டல், ஒரு டீ குடிக்கக்கூட அவர்கள் விலைதான்.

கோபி வாய்க்கால்:
அக்கா சொன்னதுதான் நான் சொல்ல வந்தது. குறைந்தது இரண்டு இரவாவது உபுத்தில் போடுங்க. பகலில் கார் எடுத்துப் போய்த் திரும்புகிறவன் கூட்டத்தோடு பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்து, கூட்டத்தோடு நாலு மணிக்குத் திரும்புகிறான். அந்த ஊர் நன்றாக இருப்பதே காலை எட்டு மணிக்கு முன்னால்தான்.

நொய்யல்கரை:
எல்லோருக்கும் நன்றிங்க. அப்பாவிடம் புகையான் கதையைப் படித்துக் காட்டினேன், "அந்த ஊருக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கும் சாப்பாட்டு விஷயத்தில் அதுதான் நிம்மதி. குட்டா வேண்டாம், டிராவல்ஸ்காரரிடம் சனூர் என்று சொல்லியாச்சு, முகம் கொஞ்சம் மாறியது. உபுத்தை முதலில் வைப்பதா, கடைசியிலா? நூசா பெனிடா தீவுக்கு ஒரு நாள் போகலாமா?

ரேஸ்கோர்ஸ் நடை:
உபுத் முதலில், சனூர் கடைசியில். திரும்பும் நாளில் உபுத்திலிருந்து கிளம்பினால் ரோட்டை நம்பி வயிறு கலங்க வேண்டும், சனூரிலிருந்து ஏர்போர்ட் பக்கம். பெனிடாவுக்குச் சனூரிலிருந்தே வேகப் படகு, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஆனால் எல்லோரும் படம் போடும் கெலிங்கிங் கடற்கரைக்கு இறங்கும் படி செங்குத்து. அப்பா மேலேயே நிற்க வேண்டியதுதான்.

ஆழியாறு தோப்பு:
பெனிடா வேண்டாங்க. படகு ஆடும், அந்தத் தீவு ரோடும் ஆடும். அந்த நாளைச் சனூரிலேயே கழியுங்க. உபுத்தில் ரூம் போடும்போது "கீழ்த்தளம், படி இல்லாத அறை" என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்க, வாய் வார்த்தையை நம்பாதீங்க.

பெருந்துறை சிப்காட்:
சரி, நான் தோற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்க 😀 சூரியன் இறங்குவதைப் பார்க்க ஒரு சாயங்காலம் மட்டும் ஜிம்பரான் பக்கம் கார் எடுங்க, அதுவும் மேற்குக் கரைதான், அலை குட்டா அளவு இருக்காது. செலவில் இதையும் சேர்த்துக்கோங்க: வந்திறங்கியதும் விசா ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரி ஆளுக்கு ஒன்றரை லட்சம் ரூபியா, நம்ம காசில் ஏறத்தாழ 800 ரூபாய். பாப்பாவுக்கும் சேர்த்து ஆறு பேருக்குக் கட்டணும்.

சென்னிமலைத் தறி:
மே மாதம் அங்கே மழை குறைந்த காலம், நல்ல நேரம்தான். இதைப் படிக்கும் மற்றவர்கள் அரையாண்டு லீவில் போக நினைத்தால் யோசியுங்க, டிசம்பரில் அங்கே மழை, மேற்குக் கரையில் குப்பை ஒதுங்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். நொய்யல்கரைக்காரரே, பருப்புப் பொடி, ஊறுகாய், ஒரு சின்னக் குக்கர் எடுத்துக்கோங்க, சனூரில் சமையலறை உள்ள அறையாகக் கேளுங்க. குழாய்த் தண்ணீரில் சமைக்காதீங்க, கேன் வாங்கிக்கொள்ளுங்க.