பிளாஸ்டிங் முடிஞ்ச காப்பர் ஸ்லாக்ல இருந்து செம்பு எடுக்க முடியுமா?

துவாஸ்_முருகு:
வணக்கம். நான் சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு ஷிப்யார்டுல பிளாஸ்டிங் சூப்பர்வைசர். ஒரு கப்பல் டாக்குக்கு வந்தா, பழைய பெயிண்டும் துருவும் போக ஹல்லு (வெளி ஒடம்பு) மேல காப்பர் ஸ்லாக் துகளை காத்து வேகத்துல அடிப்போம், அதை முடிக்கறதுக்குள்ள யூஸ் பண்ண கிரிட் (அந்தத் துகள்) குவியல் குவியலா சேந்துடும், எல்லாத்தையும் லோரில ஏத்தி அனுப்பிடுறோம். இது செம்பு உருக்குற ஆலையோட கசடுன்னு தெரியும். கையில அள்ளிப் பாத்தா கருப்பா மின்னுது, நடுவுல செவப்பு பெயிண்ட் துணுக்கு, மேக்னட் வெச்சா கொஞ்சம் ஒட்டவும் செய்யுது. இதுல நெஜமாவே செம்பு இருக்கா? ஆசிட்ல போட்டா கரைஞ்சு வந்துடும்னு கூட வேலை பாக்குற ஒரு தம்பி சொல்றாப்ல.

கண்ணன்_உலை:
இருக்கு முருகு, ஆனா ரொம்ப கம்மி. சாதாரணமா நூத்துக்கு ஒண்ணுகூட தேறாது, 0.7%னு வெச்சா ஒரு டன்னுக்கு 7 கிலோதான். இரும்பு 40% பக்கம் இருக்கும், ஆனா அது சிலிக்காவோட சேந்து ஃபயலைட்ங்கற தாதுவா கெடக்கு, அதுல இருந்து இரும்பைப் பிரிக்கணும்னா திரும்ப உலையில உருக்கி கார்பன் போடணும், கரண்ட் செலவுக்கே கட்டாது. மேக்னட்ல ஒட்டுறது ஸ்லாக்ல இருக்கற கொஞ்சம் மேக்னடைட்டும் (காந்தத்துல ஒட்டற இரும்பு ஆக்சைடு) கப்பல் பிளேட்ல இருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்கும்.

செம்ப எடுக்கணும்னா சரியான எடம் உருக்காலைதான். அங்க கசடை மெதுவா ஆற விட்டா உள்ள சிக்கியிருக்கற குட்டிக் குட்டி செம்பு சல்ஃபைடு துளிகள் ஒண்ணா சேந்து பெருசாகும், அப்புறம் நைஸா அரைச்சு தண்ணில நுரை கெளப்பி மிதக்க வெச்சுப் பிரிச்சுடுவாங்க. நம்ம கிரிட்டுக்கு நேர் எதிரா பண்ணியிருக்காங்க, உருகினதை அப்படியே தண்ணில கொட்டி சட்டுனு குளிர வெச்சதாலதான் அது கண்ணாடியா, கூர்மையா, பிளாஸ்டிங்குக்கு ஏத்த மாதிரி வந்திருக்கு. அதனால துளிகளும் வளராம அப்படியே உறைஞ்சு போச்சு.

அப்புறம் அந்த செவப்புத் துணுக்கை சாதாரணமா நெனைக்காதீங்க. பாசி, சிப்பி ஒட்டாம இருக்க அடிக்கற பெயிண்ட்ல குப்ரஸ் ஆக்சைடு (ஒரு செம்பு ஆக்சைடு) கலக்கறாங்க, அந்த நெறத்துக்கே பல சமயம் அதுதான் காரணம். கசடுக்குள்ள இருக்கற செம்பு கெட்டியா பூட்டிக் கெடக்கு, மழைத்தண்ணில சுலபமா கரைஞ்சு போறது இந்த பெயிண்ட்ல உள்ளதுதான். பழைய கப்பல்னா டின் (வெள்ளீயம்) கலந்த பெயிண்ட்டும் இருந்துச்சு, அதுக்கு 2008ல உலக அளவுல தடை வந்துச்சு.

ஆசிட் வேண்டவே வேண்டாம்! ஃபயலைட் ஆசிட்ல கரையும், கூடவே சிலிக்கா ஜெல்லா மாறி ஃபில்டரை அடைச்சுடும். அதைவிட பெரிய ஆபத்து, கசடுல ஆர்சனிக் இருந்து இரும்புத்தூளும் ஆசிட்டும் சேந்தா ஆர்சைன் வாயு வரலாம், அது உயிரை எடுக்கும். தம்பிகிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க.

ஜூரோங்_சுபா:
கண்ணன் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேக்குறேன். கழுவி சுத்தம் பண்ண கிரிட்டை சிங்கப்பூர்ல கான்கிரீட்டுக்கு மணலுக்குப் பதிலா போடுறாங்க, 2007ல இந்தோனேசியா மணல் ஏற்றுமதிய நிறுத்தினப்போ நாம பட்ட பாடு நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். அதனால அது வீணாப் போகுதுன்னு வருத்தப்பட வேண்டாம்.

உலோகம் எடுக்கறதுல காசு பாக்கணும்னா எண்ணெய் ரிஃபைனரில தீர்ந்துபோன கேட்டலிஸ்ட்தான் (வினையூக்கி). கச்சா எண்ணெயில இருக்கற வனேடியமும் நிக்கலும் அதுல படிஞ்சிருக்கும், மாலிப்டினம் ஏற்கனவே உள்ள இருக்கு. சோடா ஆஷ் கலந்து வறுத்து தண்ணில ஊற வெச்சா வனேடியமும் மாலிப்டினமும் கரைஞ்சு வரும், நிக்கல் கரையாத மிச்சத்தோட தங்கிடும். அப்புறம் அமோனியம் உப்பு போட்டு வனேடியத்தைப் படிய வெப்பாங்க. இந்த கேட்டலிஸ்ட்டை ரியாக்டர்ல இருந்து எடுக்கறப்போ காத்து பட்டா தானாவே சூடேறி பத்திக்கும், அதனால நைட்ரஜன் அடைச்ச டிரம்லதான் போகும்.

கால்வனைஸ்_ரவி:
எங்க பட்டறையில இரும்பை முக்கிப் பூச்சு போட உருக்கி வெச்ச துத்தநாகத் தொட்டியோட அடியில கட்டியா படியுது, மேல சாம்பலா மெதக்குது. ரெண்டையும் ஒரே டிரம்ல கொட்டுறாங்க, பரவாயில்லையா?

கண்ணன்_உலை:
வேண்டாம் ரவி, தனித்தனியா வைக்கச் சொல்லுங்க. அடியில படியறது டிராஸ், 90%க்கு மேல துத்தநாகம், மிச்சம் பெரும்பாலும் இரும்பு, அதுக்கு நல்ல வெலை கெடைக்கும். மேல மெதக்குற சாம்பல்ல ஆக்சைடும் ஃபிளக்ஸ்ல (முக்கறதுக்கு முன்னாடி இரும்புல பூசுற உப்பு) இருந்து வந்த குளோரைடும் கலந்திருக்கும், ரெண்டும் கலந்துட்டா வாங்கறவன் சாம்பல் ரேட்டுதான் போடுவான். சாம்பல் டிரம்முக்கு மூடி போட்டு கூரைக்கு அடியில வைங்க, நம்ம ஊர் மழைக்கு அந்த குளோரைடு ஈரத்தை இழுத்து கெட்டியாயிடும்.